துணி டயப்பர் ரிவியூ: மழையில காயுமா, பேபிசிட்டர் ஒத்துக்குவாங்களா, காசு மிச்சமாகுமா

நேரம் இல்லாதவங்களுக்காக மார்க்கை மொதல்லயே போட்டுடறேன். பாக்கெட் டைப் துணி டயப்பர், அதான் உள்ள பை மாதிரி தச்சிருக்கும், அதுக்குள்ள இன்சர்ட்னு ஈரத்தை உறிஞ்சற துணியை சொருகி மாட்டணும், அதுக்கு அஞ்சுக்கு மூணரை. நம்ம அம்மாங்க காலத்து சதுர லாம்பின் துணி, அதான் பிள்ளைக்கு மடிச்சு கட்டற மெல்லிசு துணி, அது மேல தண்ணி புகாத கவர், இந்த ஜோடிக்கு அஞ்சுக்கு நாலரை. "நாளையில இருந்து வீட்டுல தூக்கிப் போடுற பொருள் எதுவுமே கிடையாது" அப்படின்னு பேசறவங்களோட எனக்கு ஒத்துப்போகல, ஏன்னா யார் துவைக்கிறது, எங்க காயப்போடுறது, அன்னிக்கு பைப்புல தண்ணி வருதா, இந்த மூணையும் கேக்காம அப்படி பேசவே முடியாது.

நாங்க இருக்கறது மலேசியாவுல, கெடா மாநிலத்துல இருக்கற பீடோங். சுங்கை பட்டாணியில இருந்து அலோர் ஸ்டார் போற பழைய ரோட்டுல வரும், வீட்டு பின்வாசல்ல நின்னா ஜெராய் மலை தெரியும், சுத்தி செம்பனையும் (எண்ணெய்ப்பனை) கொஞ்சம் பால்மரமும் (ரப்பர்). எங்க வீடு தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, ஒரு டெரஸ் வீடு, பின்னாடி ஒரு கட்டு இடம்தான், எதிர் வீட்டு சுவரு கிட்டக்க இருக்கு. அம்மா இன்னும் தோட்டத்து லயத்துலதான், அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, இருக்காங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் சுங்கை பட்டாணியில ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். பெரியவன் முழுக்க கடை டயப்பர்ல, அதான் ஒரு தடவை போட்டு தூக்கிப் போடறதுல, வளந்தவன், சின்னவளுக்குத்தான் துணி. அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு சொல்ல முடியுது.

ஏன் மாறணும்னு தோணுச்சுன்னா, அதுக்கு காரணம் லயத்துல நான் பாத்த ஒரு காட்சி. தாமான்ல குப்பை லாரி வரும். கெடாவும் குப்பை நிர்வாகத்துக்கான 672 சட்டத்துக்குள்ள வர்ற மாநிலம்தான், 2015 செப்டம்பர் 1ல இருந்து குப்பையை பிரிச்சு வைக்கணும், வாரத்துக்கு ரெண்டு தடவை சாதா குப்பை, ஒரு தடவை மறுபயனீட்டு சாமான். ஆனா அம்மா இருக்கற லயத்துல குழி வெட்டி எரிக்கறதுதான் வழக்கம். டயப்பர் எரியாது. மேல இருக்கற பிளாஸ்டிக் மட்டும் சுருங்கி கருகிப் போகும், உள்ள இருக்கறது ஈரமா அப்படியே கிடக்கும். ராத்திரி நாய் வந்து இழுத்துட்டு போய் கிழிச்சு போட்டுடும், காலையில செம்பனை மட்டை அடுக்கி வச்சிருக்கற வரிசை ஓரமா போனீங்கன்னா தெரியும், ஜவ்வரிசி வெந்த மாதிரி தெளிவா, கொழகொழன்னு ஒரு ஜெல்லு மண்ணு மேல சிந்தி கிடக்கும், மழை பேஞ்சா இன்னும் உப்பும், கோழி வந்து கொத்திப் பாத்துட்டு போகும். அதுதான் டயப்பருக்குள்ள ஈரத்தை இழுத்து வச்சுக்கற சோடியம் போலிஅக்ரிலேட், தன் எடையை விட பல மடங்கு தண்ணி குடிக்கும், அது மக்காது. அந்த பாதையிலதான் பெரியவன் வெறுங்காலோட ஓடுவான். அதைப் பாத்தப்புறம் சின்னவளுக்கும் அதையே வாங்க எனக்கு மனசு வரல.

சரி, காசு. இதுலதான் எல்லாரும் தப்பா கணக்கு போடறாங்க. எம் சைஸ், எல் சைஸ் கடை டயப்பர் ஒண்ணு சுமாரா 60 காசு வச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 5 போனா 3 வெள்ளி (ரிங்கிட்), மாசத்துக்கு 90 வெள்ளி. ஆன்லைன்ல சாதா பாக்கெட் டைப் துணி டயப்பர் ஒண்ணு 12 வெள்ளி மாதிரி வருது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைக்கறதுன்னா 20 வேணும், ஆக 240 வெள்ளி. மூணு மாசத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடுது, சவக்காரம் தண்ணி செலவு சேத்தா நாலு மாசம்னு வைங்க. பேப்பர்ல பாத்தா யோசிக்கவே வேணாம். ஆனா அந்த 240 ஒரே நாள்ல கையில இருக்கணுமே. குறைஞ்சபட்ச சம்பளமே 2025 பிப்ரவரில இருந்துதான் 1,700 வெள்ளி ஆச்சு, வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பெரியவன் ஸ்கூல் வேன் எல்லாம் போய் மிச்சம் இருக்கறதுல 240ஐ தூக்கி டயப்பருக்கு கொடுக்க முடியாத வீடுங்க நம்ம சனங்கள்ல நிறைய. அவங்க சம்பளத்துக்கு மொத வாரம் பெரிய பாக்கெட், கடைசி வாரம் மளிகைக் கடையில சின்ன பாக்கெட்னு வாங்கறாங்க, சின்ன பாக்கெட்ல ஒண்ணோட விலை ஜாஸ்தி. பணக்காரங்க சிக்கனமா இருக்கலாம், இல்லாதவங்களால சிக்கனமா கூட இருக்க முடியாது, இந்த விஷயத்துல அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

அதனால என் யோசனை, 20 டயப்பர் செட்டு எதுவும் வாங்காதீங்க. சதுர லாம்பின் துணி ஒரு டஜன், கவர் மூணு, அவ்வளவுதான். அதுக்கு 240ல பாதி கூட ஆகாது. தொடங்கிப் பாருங்க, கை பழகுச்சுன்னா ஒண்ணு ரெண்டா சேத்துக்குங்க. சொந்தக்காரங்க வீட்டுல பிள்ளை வளந்து சும்மா கிடக்கற துணி டயப்பர் இருந்தா கூச்சப்படாம கேளுங்க, வெந்நீர்ல ஒரு துவை, வெயில்ல ஒரு காய்ச்சல், போதும். வாங்கறதுக்கு முன்னாடி தொடை பக்கத்து எலாஸ்டிக்கை மட்டும் இழுத்து பாருங்க, விட்டதும் திரும்ப சுருங்கணும். தொளதொளன்னு நின்னுச்சுன்னா எலாஸ்டிக் போயிடுச்சு, அங்கதான் ஒழுகும்.

இப்ப துணி ரகம். இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா கடைக்காரங்க யாரும் நம்ம ஊர் மழையை நினைச்சு இதை விக்கல. இன்சர்ட்னு சொல்ற உள் துணி மைக்ரோஃபைபர்ல வரும், மூங்கில் நார்ல வரும், பருத்தியில வரும். மைக்ரோஃபைபர் விலை கம்மி, மூத்திரத்தை டக்குனு இழுக்கும், வேகமா காயும். ஆனா ஸ்பாஞ்ச் குணம் அதுக்கு, அமுக்குனா கக்கிடும். அதோட அது நேரா பிள்ளை தோல்ல படக்கூடாது, தோல் ஈரத்தையும் சேத்து இழுத்து வறட்டி விட்டுடும், பைக்குள்ளதான் இருக்கணும். மூங்கில் இன்சர்ட் மெதுவா இழுக்கும், நிறைய பிடிக்கும், அமுக்குனாலும் சீக்கிரம் விடாது, ஆனா நாலஞ்சு அடுக்கா தச்சிருக்கறதால காயறதுக்கு உயிரை எடுக்கும். புதுசா வாங்குன பருத்தியும் மூங்கிலும் மொத நாளே முழுசா உறிஞ்சாது, அஞ்சாறு துவை போனாத்தான் நல்லா இழுக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள "இது சரியில்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நம்ம கெடா பக்கம் தைப்பூசம் சமயத்துல வெயில் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல, ஜனவரி பிப்ரவரி ரெண்டும் காஞ்ச மாசம், அப்ப எந்த இன்சர்ட் போட்டாலும் மத்தியானத்துக்குள்ள மொறமொறன்னு ஆயிடும். பிரச்சனை செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும். தீபாவளிக்கு முன்ன பின்ன இங்க தினமும் மத்தியானத்துக்கு மேல ஜெராய் மலை மறைஞ்சு போகும், அது மறைஞ்சா அரை மணி நேரத்துல மழை, கொடியில இருக்கறதை எல்லாம் வாரிக்கிட்டு போர்ச்சுக்கு ஓடணும். அந்த மாசங்கள்ல மூங்கில் இன்சர்ட் காலையில போட்டா சாயங்காலம் தொட்டுப் பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ரெண்டு விரலால அழுத்துனா சில்லுன்னு இருக்கும். அந்த சில்லுல அப்படியே மடிச்சு வச்சா மறுநாள் ஒரு முடை நாத்தம் வரும், பிள்ளைக்கு போட்டா சிவந்து போகும்.

அங்கதான் சதுர லாம்பின் ஜெயிக்குது. பிள்ளை இடுப்புல இருக்கறப்போ அது எட்டு மடிப்பு, கொடியில போடறப்போ பிரிச்சா ஒரே அடுக்கு. அவ்வளவு மெல்லிசு, மழை நாள்ல போர்ச்சுல ஃபேன் போட்டு விட்டாலே ராத்திரிக்குள்ள காஞ்சிடும். புது கம்பெனிங்க எத்தனையோ மாடல் கொண்டு வந்துட்டாங்க, தடிமனா தச்ச எதுவும் மழை மாசத்துல இதுகிட்ட நிக்க முடியல. எங்கம்மாவுக்கு இது ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. அவங்க தோட்டத்து ஆயாக் கொட்டகையில, அதான் பிள்ளைக் காப்பகத்துல, பிள்ளைங்களை பாத்த காலத்துல இதே துணிதான், லயத்து பின்னாடி கம்பி நெடுக வெள்ளை வெள்ளையா தொங்கும். அப்ப இல்லாதது கவர் மட்டும்தான். அதனால ஏணை (தொட்டில்) நனையும், பாய் நனையும், தரையை தொடச்சுக்கிட்டே இருக்கணும், சிமெண்ட் தரை, வீட்டுல ஒரு பெரிய மனுஷி எந்நேரமும் இருப்பாங்க, சமாளிச்சாங்க. இன்னிக்கு வேலை முடிஞ்சு ராத்திரி வர்ற பொம்பளையால அதை சமாளிக்க முடியாது.

கவர்ங்கறதும் நேத்து வந்த ஐடியா இல்ல. அமெரிக்காவுல மேரியன் டோனோவன்னு ஒரு அம்மா, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல, தன் பிள்ளை படுக்கை நனைஞ்சுக்கிட்டே இருக்குதுன்னு குளியலறை திரைச்சீலையை வெட்டி துணி லாம்பினுக்கு மேல போடற மாதிரி ஒரு கவர் தச்சாங்க, பின்னுக்கு பதிலா ஸ்னாப் பட்டன் வச்சாங்க, 1951ல பேட்டன்ட் வாங்குனாங்க. இப்ப நம்ம போடற கவர் அதே யோசனைதான், துணியோட உள்பக்கம் மெல்லிசா போலியூரித்தேன் ஒட்டியிருக்கும், தண்ணி புகாது. கவரை மட்டும் கொதிக்க வைக்கக் கூடாது, ஒட்டினது உரிஞ்சிடும். உச்சி வெயில்ல நாள் பூரா தொங்க விட்டாலும் எலாஸ்டிக் சீக்கிரம் போயிடும். துணிக்கு வெயில், கவருக்கு நிழல், இதை ஞாபகம் வச்சுக்குங்க. வெயில்ல போட்ட துணியில மஞ்சக் கறை தானா வெளுத்துடும், பிளீச் தேவையே படல.

துவைக்கறது எப்படின்னு நிறைய பேர் கேக்கறாங்க. நம்ம நாட்டு டாய்லெட்ல குழாய் இருக்கு பாருங்க, அதுதான் நமக்கு கிடைச்ச பெரிய வசதி. பிள்ளை திட உணவு சாப்பிட ஆரம்பிச்சதும் மலத்தை டாய்லெட்ல தட்டி விட்டு குழாயில பீச்சி அடிச்சா போயிடும், ஒரு நிமிஷ வேலை. தாய்ப்பால் மட்டும் குடிக்கற பிள்ளைன்னா அலசிட்டு நேரா மெஷின்ல போடலாம். கடை டயப்பர்ல கூட மலத்தை டாய்லெட்ல கொட்டிட்டுத்தான் போடணும்னு பாக்கெட்லயே போட்டிருக்கு, நம்ம வீடுகள்ல பெரும்பாலும் கழுவித்தான் சுத்தி போடுவாங்க, ஆக அந்த வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். அப்புறம் நனைஞ்ச துணியை மூடி போட்ட வாளியில தண்ணி ஊத்தி நாள் கணக்கா ஊற விடாதீங்க, அதுதான் நாத்தத்துக்கு மொத காரணம், காத்து போற கூடையில போட்டு வைங்க. மெஷின்ல மொதல்ல ஒரு சின்ன சைக்கிள், பெறகு போதுமான அளவு சவக்காரத்தோட ஒரு பெரிய சைக்கிள், முடிஞ்சா வெந்நீர். சவக்காரத்தை கஞ்சத்தனமா போட்டா அமோனியா நாத்தம் மூக்கைத் துளைக்கும், ரொம்ப போட்டா அலசல்ல போகாம நார்ல தங்கிடும். சாஃப்ட்னர் மட்டும் வேணவே வேணாம், அது நார் மேல ஒரு படலம் போட்டுடும், அப்புறம் துணி மேல விழற மூத்திரம் உருண்டு ஓடும், உறிஞ்சாது. டயப்பர் ரேஷுக்கு தடவற வெள்ளை கிரீமும் அதே வேலையைத்தான் செய்யும், தடவுனா நடுவுல ஒரு பழைய வேட்டித் துண்டு வச்சுடுங்க.

தண்ணி வராத நாளு வரும், நம்ம பக்கம் இருக்கறவங்களுக்கு அது தெரியாத விஷயமில்ல. அப்ப துணி டயப்பர் போட முடியாது, அவ்வளவுதான். எங்க வீட்டுல கூரைத் தண்ணி விழற இடத்துல ஒரு நீல டிரம் இருக்கு, கொசு போகாம வலை கட்டி வச்சிருக்கோம், மொத அலசலுக்கு அந்த மழைத்தண்ணி போதும். ரெண்டு நாளைக்கு மேல தண்ணி நின்னா கடை டயப்பர்தான், அதுக்காகவே ஒரு பாக்கெட் அலமாரியில எப்பவும் இருக்கும். அது இருக்கறதுல எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இல்ல.

ஒழுகறது பத்தி. ஏணையில போட்டு ஆட்டற பிள்ளைங்களுக்கு மைக்ரோஃபைபர் வேணாம், சொல்லிட்டேன். ஏணைத் துணி ரெண்டு பக்கமும் தொடையை இறுக்கிப் பிடிக்குது, அமுக்கற இடத்துல மைக்ரோஃபைபர் கக்கிடுது, தூங்கி எழுந்திருச்சா ஏணைக்கு கீழ தரையில வட்டமா ஈரம். இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) சுத்தறப்பவும் இதே கதைதான். லாம்பின் மடிச்சு கவர் போட்டா, இல்ல மூங்கில் இன்சர்ட் வச்சா, இந்த தொல்லை ரொம்ப குறையுது. ராத்திரிக்கு மட்டும் நான் நேரா சொல்லிடறேன், எட்டு பத்து மணி நேரம் தாங்கறதுல கடை டயப்பரை எந்த துணியும் அடிக்கல. மூங்கில் ரெண்டு, அதோட ஒரு லாம்பின்னு சேத்து வச்சா தாங்குது, ஆனா பிள்ளை இடுப்பு பலாப்பழம் அளவு ஆயிடுது, திரும்பிப் படுக்க முடியாம சிணுங்குறா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கற வீட்டுல பிள்ளை தூக்கம் கெட்டா எல்லார் தூக்கமும் கெடும். அதனால எங்க வீட்டுல ராத்திரிக்கு ஒண்ணு கடை டயப்பர். நாளைக்கு அஞ்சு போன இடத்துல இப்ப ஒண்ணு, பேபிசிட்டர் வீட்டுக்கு போற நாள்ல மூணு.

பேபிசிட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்த முழு விஷயத்துலயும் கஷ்டமான இடம் அதுதான், துணியும் இல்ல, மழையும் இல்ல. பிள்ளையை பாத்துக்கற அக்கா நாலு பிள்ளைங்களை பாக்கறாங்க. நான் துணி டயப்பர் கொண்டு போனப்போ கோவப்படாம அழகா சொன்னாங்க, "யம்மா, உன் பிள்ளைக்கு நான் துவைக்கணும்னா மத்த மூணையும் யார் பாக்கறது." நியாயம்தானே. இன்சர்ட் எல்லாம் சொருகி ரெடியா மடிச்சு, நனைஞ்சதை போட ஜிப் வச்ச தண்ணி புகாத பை கொடுத்து, துவைக்க வேணாம் பையில போட்டா போதும்னு சொல்லிப் பாத்தேன். பகல்ல ரெண்டுக்கு ஒத்துக்கிட்டாங்க, மத்ததுக்கு கடை டயப்பர்தான். அதுவே பெரிய உதவி. எந்த பொருளை நிறுத்தறோமோ அந்த பொருள் செஞ்ச வேலை எங்கயும் போகாது, யாரோ ஒருத்தர் கைக்கு வந்து சேரும், முக்கால்வாசி ஒரு பொம்பளை கைக்குத்தான். எங்க வீட்டுல துவைச்சு காயப்போடறது எங்க வீட்டுக்காரர் வேலை, மடிக்கறது என் வேலை. அந்த பேச்சு முடியாம துணி டயப்பர் ஆர்டர் பண்ணாதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன், ரெண்டு மாசத்துல எல்லாம் உங்க தலையில வந்து விழுந்து, அப்புறம் மூட்டை கட்டி பீரோ மேல போட்டுடுவீங்க.

சுற்றுச்சூழலுக்கு உண்மையிலயே நல்லதான்னு கேட்டா, எப்படி துவைக்கறீங்கங்கறதை பொறுத்தது. பிரிட்டன் சுற்றுச்சூழல் துறை 2008ல ஒரு கணக்கு போட்டாங்க, ரெண்டரை வருஷத்துக்கு கடை டயப்பர்னா சுமார் 550 கிலோ கார்பன் டைஆக்சைடுக்கு சமமான வாயு, துணின்னா சராசரியா சுமார் 570, அதாவது துணி ஜெயிக்கல. ஆனா மெஷின் நிறைய போட்டு துவைச்சு, டிரையர் இல்லாம கொடியில காயப்போட்டு, ரெண்டாவது பிள்ளைக்கும் அதையே போட்டா துணியோட கணக்குல 200 கிலோ குறையுதுன்னு அதுலயே இருக்கு. 2023ல திரும்ப கணக்கு பாத்தப்போ துணிக்கு 25 விழுக்காடு கம்மின்னு வந்துச்சு. எனக்கு இதுல இருந்து புரிஞ்சது ஒண்ணுதான், மழை மாசத்துல தினமும் காசு போட்டு துவைக்கற டோபி கடை டிரையருக்கு தூக்கிட்டு ஓடுனா செஞ்ச நல்லதும் போச்சு, டிரையருக்கு போடற காசும் போச்சு. சில டோபி கடைங்கள்ல டயப்பர் துணி போடக் கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருப்பாங்க, அதையும் பாத்துக்குங்க.

டயப்பர் குறைஞ்சதும் குப்பைத் தொட்டியில தெரியற வித்தியாசம் பெருசு. லாரி வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா நடுவுல மூணு நாலு நாள் அந்த மூட்டை வெயில்ல இருக்கு, பெரியவன் காலத்துல மூடியைத் திறந்தா புழு நெளியும். இப்ப தொட்டி பாதிதான் நிரம்புது.

கூடவே மத்ததையும் சுருக்கமா சொல்லிடறேன். மாதவிடாய்க்கு போடற துணி பேட், பொம்பளைங்க இதை படிக்கணும். நம்ம நாட்டுல கடை பேட்டை அப்படியே சுத்தி போடமாட்டோம், கழுவி பிழிஞ்சுதான் போடணும்னு சின்ன வயசுல இருந்து சொல்லி வளத்திருக்காங்க, மலாய்க்காரங்க வீட்டுலயும் அப்படித்தான், பேய் பிசாசு வந்து சேரும்னு ஒரு பயம். அப்ப பாதி வேலையை நாம ஏற்கனவே செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம், அந்த ஜெல்லு பேட்டை கழுவறதை விட துணி பேட்டை பச்சைத் தண்ணியில அலசறது எவ்வளவோ சுலபம். வெந்நீர் ஊத்தாதீங்க, ரத்தக் கறை பிடிச்சுக்கும். என் கணக்குல தூக்கிப் போடற சாமான்ல மாறறதுக்கு ரொம்ப லேசானது இதுதான், அஞ்சுக்கு அஞ்சு. ஃபேக்டரியில மாத்தறதுதான் சங்கடம், மாத்துனதை வச்சுக்க பை வேணும், அதனால வேலை நாளுக்கு கடை பேட், லீவுக்கும் வீட்டுக்கும் துணி. சில பேர் சிலிக்கோன் மாதவிடாய் கப் போடறாங்க, 12 மணி நேரம் வரைக்கும் வச்சுக்கலாம், கொதிக்க வச்சு திரும்ப போடலாம், ஃபேக்டரிக்கு போறவங்களுக்கு அது இன்னும் வசதி.

ஈர டிஷ்யூ பாக்கெட் வாங்கறதை அறவே விட்டாச்சு, பழைய கைலியை சதுரமா வெட்டி ஓரம் அடிச்சு வச்சிருக்கேன், டயப்பரோட சேந்து அதுவும் துவைபட்டுடும், தனி வேலை இல்ல. பாத்திரம் தேய்க்க வேலியில காய்ச்ச பீர்க்கங்காயை முத்த விட்டு காய வச்ச நாரு, தட்டுக்கு அருமை, குவாலி (வாணலி) அடியில பிடிச்சதுக்கு தேங்கா நார்தான்.

கடைச் சாப்பாட்டை டிபன் கேரியர்ல வாங்கறதுக்கு அஞ்சுக்கு நாலு மார்க். காலையில கடையில கூட்டம் இல்லாத நேரம் போனா சந்தோஷமா போட்டு கொடுக்கறாங்க, சாதம் மேலயும் குழம்பு கீழயுமா அந்த அண்ணனே அடுக்கி கொடுப்பாரு. மத்தியானம் வேலையாளுங்க வரிசை நிக்கற நேரத்துல போனா குழம்பை ஏற்கனவே பிளாஸ்டிக் பையில கட்டி ரெடியா வச்சிருப்பாங்க, அதை தூக்கி நம்ம கேரியருக்குள்ள வைப்பாங்க. அவங்களை குத்தம் சொல்ல முடியாது, 12 மணிக்கு மேல அவங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. முன்னாடியே போன் பண்ணி "அண்ணே, கேரியர் கொண்டு வரேன், கட்டாம வைங்க"ன்னு சொல்லிடறதுதான் வழி. தேத்தண்ணி பொட்டலத்துக்கும் அப்படியே, பிளாஸ்க் நீட்டுனா ஊத்திடுவாங்க. காகிதத்துல மடிச்சு தராங்களே அது தேவலன்னு நினைக்காதீங்க, நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) மடிக்கற அந்த பிரவுன் பேப்பர்ல உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியிருக்கு, அதனாலதான் எண்ணெய் இறங்கறதில்ல. வாழையிலை மட்டும்தான் நிஜமா மக்கற பொட்டலம்.

சில இடத்துல மாறவே முடியல. சமையல் எண்ணெய். அரசாங்க மானிய எண்ணெய் 1 கிலோ 2 வெள்ளி 50 காசு, அது பிளாஸ்டிக் பாக்கெட்ல மட்டும்தான் வருது. பெரிய பாட்டில்ல மானியம் கிடையாது, விலை ஏறிடுது. எங்க ஊரை சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரம் செம்பனை, அந்த எண்ணெயை சொந்தத் தூக்கு கொண்டு போய் மானிய விலைக்கு அளந்து வாங்கற மாதிரி ஒரு ஏற்பாடு வரணும்னு ரொம்ப நாளா ஆசைப்படறேன். வர்ற வரைக்கும் எந்த வீட்டையும் பாத்து ஏன் பாக்கெட் வாங்கறேன்னு கேக்க எனக்கு வாய் வராது. ரீஃபில் கடையும் அப்படித்தான், சவக்காரம் அளந்து வாங்க கார் எடுத்துட்டு பெரிய டவுனுக்கு போகணும்னா அந்த பெட்ரோல் செலவுக்கு அர்த்தமே இல்ல, வேற வேலையா போறப்போ நாலு பாட்டிலை பின்னாடி போட்டுக்கிட்டு போனா சரி. பிளாஸ்டிக் பையை முழுசா மறுத்தப்போ இன்னொண்ணு வந்துச்சு, குப்பை கட்ட பை இல்லாம போய் குப்பைப் பை ரோல் காசு கொடுத்து வாங்க வேண்டி வந்துச்சு. இப்ப மீன் மட்டும் கடைக்காரர் பையில வாங்கறேன், அந்த பையிலயே அன்னிக்கு குப்பையை கட்டிடறேன்.

கடைசியா யாருக்கு சரிப்படும்னு சொல்லிடறேன். வீட்டுல மெஷினும் கூரை போட்ட கொடியும் இருக்கு, துவைக்க ரெண்டாவது ஆள் இருக்காருன்னா லாம்பின் கவரோட தைரியமா தொடங்குங்க. ரெட்டைப் பிள்ளை, இல்ல பிரசவம் முடிஞ்சு உடம்பு தேறாத நேரம், இல்ல தனி ஆளா பிள்ளை வளக்கறீங்கன்னா இப்ப வேணாம், மொதல்ல துணி பேட்லயும், ஈர டிஷ்யூவுக்கு பதிலா வெட்டுன துணியிலயும் ஆரம்பிங்க, அது போதும். ஹெம்ப்னு ஒரு செடி நார்ல வர்ற இன்சர்ட் நான் இன்னும் போட்டுப் பாக்கல. யாராவது வாங்கியிருந்தா நவம்பர் மழையில அது காய எத்தனை மணி நேரம் எடுக்குதுன்னு சொல்லுங்க, ராத்திரிக்கு அது சரியா வரும்னா அந்த கடைசி ஒரு டயப்பரையும் நிறுத்திப் பாக்கறேன்.